முடியை எங்கே இறக்குவது?

என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை. பார்க்க வருகிறவர்கள் குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய், வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்து, மூக்கு அப்பனுடையது, நெற்றி எங்கள் வீட்டு நெற்றி என்று பாகம் பிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். "பேத்தியைப் பாக்க வந்தவங்ககிட்ட நாலு வார்த்தை பேசினா என்ன?" என்று என் மனைவி கேட்டாள். அவளிடம் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் இந்த வக்கீல் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படிக் கொல்லைப்பக்கம் போக வேண்டி வரலாம்.

தொண்டைக் கோளாறினால் சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஐம்பது வயதிலேயே கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்தவன் நான். பெரிய வழக்குகள் நடத்தியவன் அல்ல. வரப்புத் தகராறு, கிணற்றுத் தகராறு, ஜீவனாம்சம் என்று புதுக்கோட்டைக் கோர்ட்டுகளுக்குள்ளேயே என் காலம் போய்விட்டது. சட்டப் பிரிவுகளை நீங்கள் புத்தகத்தில் படித்துக்கொள்வீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு பகல் பொழுதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சமஸ்தானம் மாகாணத்தோடு சேர்ந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்து ஆண்கள் ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று மாகாணத்தில் சட்டம் வந்து, அது எங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் பொருந்தும் என்று ஜனங்களுக்கு மெல்லமெல்ல உறைக்க ஆரம்பித்த நேரம். அதுவரை, பிடிக்காத மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டவர்கள், இப்போது மனைவியின் மேல் ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நல்லது செய்ய வந்த சட்டத்தின் பின்வாசல் வழியாக இப்படியும் சில வழக்குகள் வந்தன. அழகம்மாளின் வழக்கு அதில் ஒன்று.

கீரமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கட்டிக்கொடுத்தது பக்கத்து ஊரில். புருஷன் சுப்பையாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தனுஷ்கோடியில் வந்து இறங்குவான். கல்யாணமான மறுவருஷமே சீர் விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் வந்து, அழகம்மாள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வருஷம் வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த சுப்பையா கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கப்பலேறினான். அடுத்த மாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறகு சுப்பையா ஊருக்கே வரவில்லை. வந்தபோது குழந்தைக்கு நான்கு வயது. அவனுக்குக் கொழும்பில் முதலாளியின் உறவில் பெண் பேசி முடித்திருந்தது. குழந்தை தன்னுடையதல்ல என்று அவன் ஊரில் சொன்னான். அழகம்மாள் குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டதும் அதையே கோர்ட்டிலும் சொன்னான்.

அழகம்மாளுக்கு நான்தான் வக்கீல். இதில் சட்டம் நம் பக்கம்தான். கல்யாணம் நடப்பில் இருக்கும்போது பிறக்கிற குழந்தை கணவனுடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவன் நிரூபித்தால்தான் அது மாறும். இப்போது பட்டணத்தில் இரத்தம் பார்த்துச் சொல்கிறார்களாம். அதுவும் "இவன் இல்லை" என்று சொல்ல உதவுமே தவிர, "இவன்தான்" என்று சொல்லாது. அன்றைக்கு எங்களுக்கு அதுவும் கிடையாது.

அந்த வாய்ப்பு இல்லை என்று காட்ட, சுப்பையாவின் வக்கீல் எடுத்த ஆயுதம் காப்பு. வைகாசித் திருவிழாவுக்கு மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பெண்டாட்டி பக்கம் போகக் கூடாது. சுப்பையா அந்த வருஷம் காப்புக் கட்டியிருந்தான். அழகம்மாளோ பக்கத்து ஊரில் தாய்வீட்டில் இருந்தாள். சேர்ந்தது எங்கே, எப்போது? கேள்வி நன்றாகத்தான் இருந்தது. பட்டணத்து வக்கீலுக்கு இப்படி ஒரு வாதம் தோன்றியிருக்காது. அழகம்மாள் தன் வாக்குமூலத்தில், கப்பலேறுவதற்கு முன்னால் அவன் தென்னந்தோப்பு வழியாகத் தன் வீட்டுக்கு வந்து இரண்டு இரவு தங்கினான் என்று சொல்லியிருந்தாள். வீட்டார் தவிரப் பார்த்தவர் யாரும் இல்லை. சண்டைக்கார வீட்டுக்குப் போகிறவன் நாலு பேர் பார்க்கவா போவான்?

விசாரணை நாளன்று காலை, எதிர் வக்கீல் எழுந்து குழந்தையைக் கோர்ட்டார் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். முகமே சொல்லிவிடும் என்றார். ஜாடையை வைத்துத் தீர்மானிக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்று நான் ஆட்சேபித்தேன். மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் பார்க்க ஆசை இருந்தது போலிருக்கிறது. பார்ப்பதில் என்ன நஷ்டம் என்றார்.

குழந்தையைத் தூக்கிப் பெஞ்சின் மேல் நிறுத்தினார்கள். அடுத்த பக்கம் சுப்பையாவை நிற்கச் சொன்னார்கள். எதிர் வக்கீல் குழந்தையின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதற்கு முந்தின வாரம்தான் அவளைக் காய்ச்சலுக்கு டாக்டரிடம் காட்டியிருந்தார்களாம். முகவாயைப் பிடித்ததும் அவள் நாக்கை நீட்டிவிட்டாள்.

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சுப்பையா சிரிக்கவில்லை. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அப்புறம் டவாலிச் சேவகனைப் பார்த்தாள். நாக்கை எப்போது உள்ளே இழுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். மாஜிஸ்திரேட் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் கையை ஆட்டி இறக்கிவிடச் சொன்னார்.

அவள் முடியை அப்போதுதான் கவனித்தேன். நான்கு வயதுக் குழந்தைக்கு இடுப்பு வரை முடி. நுனி செம்பட்டையாகி, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து சுப்பையாவின் அண்ணன் வெள்ளைச்சாமி கூண்டில் ஏறினான். அவன்தான் அவர்கள் பங்காளிகளின் குலதெய்வமான கருப்பருக்குச் சாமியாடி. ஒவ்வொரு வருஷமும் மாசிச் சிவராத்திரிக்குக் காலில் சலங்கை கட்டி, அரிவாளை ஏந்தி ஆடுகிறவன். அவன் சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் மரியாதை உண்டு. அவன் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் கோர்ட் வராந்தாவில் நின்றார்கள். தோளில் துண்டோடுதான் கூண்டில் ஏறினான். எடுக்கச் சொல்லி டவாலி முறைத்துப் பார்த்தும் எடுக்கவில்லை. தம்பி காப்புக் கட்டியிருந்தான், நான்தான் கட்டிவிட்டேன் என்று சாட்சி சொன்னான். எதிர் வக்கீல் அதோடு நிறுத்திக்கொண்டார். நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நேரத்தில் மத்தியான இடைவேளை வந்துவிட்டது.

இடைவேளையில் எதிர் வக்கீல் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ராஜி பேசினார். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையை அழகம்மாள் பேருக்கு எழுதித் தருகிறோம். குழந்தையைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லாமல் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளட்டும். அவரவர் வழியில் போகலாம்.

நல்ல ராஜி. அன்றைக்கு ஜீவனாம்ச உத்தரவு வாங்கினாலும், கொழும்பில் இருக்கிறவனிடம் அதை வசூலிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். நிலம் ஓடிப்போகாது. வராந்தாவின் கோடியில், தம்பியோடு உட்கார்ந்து குழந்தைக்குப் புளிச்சோறு ஊட்டிக்கொண்டிருந்த அழகம்மாளிடம் போய் இதைச் சொன்னேன். அவள் ஊட்டுவதை நிறுத்தவில்லை.

"அதுல பாப்பா யாரு மகன்னு எழுதுவாங்களா?"

எழுத மாட்டார்கள் என்றேன்.

"அப்ப முடியை எங்கங்கய்யா எறக்குறது?"

எனக்குப் புரியவில்லை. புரியாததை அவள் பார்த்துவிட்டாள். குழந்தையைத் திருப்பி அந்த முடியை அள்ளிக் காட்டினாள். பிறந்த முடி, கத்தியே படாதது. முதல் முடியைத் தகப்பன் வழிக் குலதெய்வத்துக்குத்தான் இறக்க வேண்டும். சுப்பையா வரட்டும் என்று அது தள்ளிப்போனது; அவன் வந்து மறுத்ததும் கருப்பர் கோயிலில் இவளுக்கு இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குலசாமிக்கே இறக்கிவிடலாம் என்று அவள் அப்பா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே இறக்கினால் இவளுக்கு அப்பன் இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாக ஆகும் என்று அழகம்மாள் பிடிவாதமாக இருக்கிறாள்.

"நான் என்ன, நெலம் கேட்டா வந்தேன்? பேனு புடிச்சு, சிக்கு புடிச்சு, வெயக்காலத்துல கழுத்தெல்லாம் வேர்க்குரு. ராத்திரியெல்லாம் சொறியுது. எங்கிட்டு எறக்குறதுன்னு கோர்ட்டு சொல்லட்டும்."

மூன்று மாதமாக அவள் என்னிடம் வந்துபோய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஜீவனாம்சம் என்று மனுவில் எழுதியவன் நான். அதைத்தான் சட்டத்தில் கேட்க முடியும், ஆகவே அப்படி எழுதியதில் பிழை இல்லை. ஆனால் கட்சிக்காரர் கேட்பதும் மனுவில் நாம் எழுதுவதும் ஒன்றல்ல என்பதை அந்தப் புளிச்சோற்றுக்கு முன்னால் நின்றபோது தெரிந்துகொண்டேன். ராஜி பேச வந்தால் முதலில் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவள் தம்பி அதுவரை வாயைத் திறக்காதவன். அக்காவின் கோபம் அவனுக்கும் ஏறியது.

"இப்ப எங்க புள்ளை இல்லேங்குறாரே வெள்ளைச்சாமி, பொறந்த சேதிய சொல்லப் போனப்ப என்ன செஞ்சாரு? சிவராத்திரிக்குச் சலங்கையைத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. நான் சொன்னதும் அதைத் தூக்கி ஆணியில மாட்டிட்டாரு. இந்த வருசம் நமக்குச் சிவராத்திரி இல்லேன்னுட்டாரு."

அவனை மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அப்படியே சொன்னான்.

பிறப்புத் தீட்டு உங்களுக்குத் தெரியும். பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த வகையறா முழுவதும் தீட்டுக் காக்க வேண்டும். கோயிலுக்குள் போகக் கூடாது. அந்த வருஷம் கருப்பர் கோயிலில் சிவராத்திரிப் பொங்கல் வைக்கவே இல்லை என்றான் தம்பி. இன்றைக்கு யாருடையதோ என்று சொல்கிற குழந்தைக்காக, அன்றைக்கு ஒரு வகையறாவே சாமியை விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறது.

ஆனால் அந்த வகையறாவில் பத்துப் பன்னிரண்டு வீடு. அதே மாசத்தில் வேறு வீட்டில் பிள்ளை பிறந்திருந்தால்? சாவு விழுந்திருந்தால்? விசாரிக்க நேரம் இல்லை. தம்பி இவர்கள் பக்கத்து ஆள், அவனைச் சாட்சியாகப் போட்டால் மாஜிஸ்திரேட் ஒரு காதால் கேட்டுக்கொள்வார். வெள்ளைச்சாமியின் வாயாலேயே வர வேண்டும். கோர்ட் கூடுவதற்கு மணி அடித்துவிட்டது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் அதிகம் பேசாதவர். குறுக்கு விசாரணைக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே. அதை நானும் உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆளை மட்டும் கொஞ்சம் தெரியும். காலையில் வெள்ளைச்சாமி சாட்சி சொன்னபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். சத்தியப் பிரமாணம் செய்தபோது அவன் துண்டை எடுக்கவில்லை. மாஜிஸ்திரேட்டுக்காகவும் எடுக்கவில்லை. ஆனால் அவனுடைய வக்கீல் பேச்சுவாக்கில் கருப்பர் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், கை தானாக மேலே போய்த் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. பிறகு மறுபடி தோளுக்குப் போனது. இவன் நம்மிடம் பொய் சொல்வான். கருப்பரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டான் என்று தோன்றியது. அதை நம்பி எழுந்தேன்.

காப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை வருஷமாகச் சாமியாடுகிறீர்கள் என்று கேட்டேன். அவன் அப்பனுக்குப் பிறகு அவன்தான் என்றான். தீட்டோடு என்றைக்காவது சலங்கை கட்டியது உண்டா என்று கேட்டேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வம்சத்துலயே அப்படிக் கெடையாதுங்க."

தீட்டு இல்லாமலே, ஏதாவது சாக்குச் சொல்லிச் சிவராத்திரியை நிறுத்தியது உண்டா?

"அப்படி நிறுத்துனவன் இங்க வந்து நின்னு பேசிக்கிட்டு இருப்பானாங்க?" என்றான். வராந்தாவில் நின்றவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். எதிர் வக்கீலும் நான் எங்கே போகிறேன் என்று தெரியாமல் சும்மா இருந்தார்.

அழகம்மாளுக்குப் பிள்ளை பிறந்த அந்த மாசியில் சலங்கை கட்டினீர்களா என்று கேட்டேன்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். கட்டவில்லை என்றான் வெள்ளைச்சாமி மெதுவாக.

இந்த இடத்தில் "ஏன்?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டிருந்தால் அவனுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். வேறு பங்காளி வீடு, வேறு பிள்ளை, வேறு சாவு என்று எதையாவது சொல்லிவிட்டு வெளியே போயிருப்பான். நான் வாசற்பக்கம் திரும்பி, அங்கே நின்ற அழகம்மாளின் தம்பியைக் காட்டினேன்.

"சலங்கையைத் தூக்கி ஆணியில் மாட்டினீர்களே, அந்த நேரத்தில் உங்கள் எதிரில் நின்றது இந்த ஆள்தானா? கருப்பரை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்."

அவன் கை மேலே போனது. துண்டை எடுத்தான். கக்கத்தில் வைக்கவில்லை. கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டான்.

"இவந்தாங்க."

என்ன சேதி கொண்டுவந்தான்?

"புள்ளை பொறந்திருக்குன்னு."

சுப்பையா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஏதோ சொன்னான். மாஜிஸ்திரேட் அவனை அடக்கினார். நான் காப்புக்கு வந்தேன். திருவிழா முடிந்த மறுநாளே தம்பிக்குக் காப்பு அவிழ்த்தாகிவிட்டது என்றான். கப்பலுக்குப் போனது அதற்கும் ஒரு வாரம் கழித்து. காலையில் அவன் சொன்னதில் பொய் இல்லை. காப்புக் கட்டியதைச் சொன்னான், அவிழ்த்ததை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் தம்பி உங்கள் வீட்டில்தான் படுத்தானா என்று கேட்டேன்.

"கட்டுன பொண்டாட்டி பக்கத்து ஊருல இருக்கா. தம்பி எங்க போய்ப் படுக்குறான்னு அண்ணங்காரன் கேப்பானாங்க?"

கோர்ட் மறுபடி சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை யாருடையது என்ற கேள்வியை நான் அவனிடம் கேட்கவே இல்லை. அதை எதிர் வக்கீலுக்கு விட்டுவைத்தேன். அனுபவசாலிதான் அவர், ஆனால் கையில் இருந்த வழக்கு நழுவுவதைப் பார்த்ததும் நிதானம் போய்விட்டது. எழுந்து தன் சாட்சியையே அதட்டினார். அந்தப் பிள்ளை உன் தம்பிக்குத்தான் பிறந்தது என்று நீ கண்டாயா?

வெள்ளைச்சாமி அவரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தான்.

"நான் காங்கலீங்க. ஆனா தீட்டு எங்களுக்குத்தானே வந்துச்சு."

மாஜிஸ்திரேட் அதை அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் மகளுக்கும் அப்போது நான்கு வயது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். நான் குனிந்து அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மூக்கைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன். எதற்குப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். எனக்கு என் மனைவி மேல் ஒரு நாளும் சந்தேகம் கிடையாது. இருந்தும் கை அதைச் செய்தது. வழக்கில் வெற்றி வரப்போகிறது என்று தெரிந்த நாளில்தான் அப்படிச் செய்தேன். மகள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அவள் நாக்கை நீட்டாமல் இருந்தாளே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

உத்தரவு நமக்குச் சாதகமாக வந்தது. குழந்தை சுப்பையாவுடையது என்று அதில் தெளிவாகவே இருந்தது. அழகம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கோயிலைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்டாள். போட முடியாது என்று சொன்னேன். எந்தக் கோர்ட்டும் முடியை இங்கே இறக்கு என்று உத்தரவு போடாது. அவள் குழந்தையின் முடியை ஒருமுறை கோதிவிட்டு எழுந்து போனாள். வழக்கில் ஜெயித்தவர்கள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

சுப்பையா கொழும்புக்குப் போய்விட்டான். ஜீவனாம்சம் சில மாதம் வந்தது, சில மாதம் வரவில்லை. தை கடைசியில் ஒரு நாள், வெள்ளைச்சாமி என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். துண்டு கையில் இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஊர்ச்சாமி கும்பிடுக்குச் சலங்கை கட்டினேன். காலு எந்திரிக்கலைங்க. அன்னைக்குத் தீட்டைக் காத்துப்புட்டு, முடியை வேணாமுன்னுட்டோம். அது எப்படிங்க அவரு ஏத்துக்குவாரு? கோர்ட்டு சொன்னதுக்காக இல்லே. நீங்க அழகம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் சொல்ல முடியாது, நீங்கள்தான் போய்க் கூப்பிட வேண்டும் என்றேன். சண்டைக்கார வீட்டு வாசலை மிதிப்பது அவனுக்குக் கூண்டில் ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். அழகம்மாள் அவனை வாசலிலேயே வெகுநேரம் நிற்க வைத்தாளாம். "கண்ணு தெரியுதா மாமா இப்ப?" என்று மட்டும் கேட்டாளாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, சிவராத்திரிக்கு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

சிவராத்திரி முடிந்து நாலைந்து நாள் கழித்து, அவள் தம்பியோடும் குழந்தையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கருப்பர் சந்நிதியில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இறக்கினார்களாம். வெள்ளைச்சாமி சலங்கையோடு வந்து நெற்றியில் விபூதி பூசினானாம். என் மகள் அந்தத் தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, தனக்கும் இப்படி வேண்டும் என்று அழுதாள். என் மனைவி, எல்லோரையும்போல, குழந்தையைப் பக்கத்தில் இழுத்து, இவ யாரு ஜாடை என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

அழகம்மாள் சிரித்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

"மொட்டைக்கு ஏதுங்கம்மா ஜாடை? இனிமே மொளைக்கிறது எல்லாம் அவளோடதுதான்."

அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. இப்போது அந்தக் குழந்தைக்கும் கல்யாண வயது.

என் மாப்பிள்ளை நாகப்பூர்ப் பக்கம் ரயில்வேயில் இருக்கிறார். குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. லீவுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு மாதமும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. தொழிலை விட்டாலும் அது நம்மை விடாது. உங்களுக்கும் இதெல்லாம் வரும், வந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நேற்றுக் காலை அவர் வந்து இறங்கினார். கை கால் கழுவிக்கொண்டு, குழந்தையை இரண்டு கையிலும் வாங்கி, எல்லோரும் போகிற அதே ஜன்னல் பக்கம் போனார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போகப் பார்த்தேன். கால் நகரவில்லை. அங்கேயே நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகவாயைப் பிடிக்கப்போகிறதா என்று பார்த்தேன்.

குழந்தை வாயைத் திறந்து அவர் சட்டைப் பித்தானைச் சப்பியது.

"பசிக்குதுபோல, மாமா" என்று சொல்லி, அவர் குழந்தையை அதன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.